டீச்சருக்கும் அம்மாவுக்கும் நடுவில்

உங்களை ஒரு கேள்வி கேட்கலாமா? கோபித்துக்கொள்ளக் கூடாது.

வாசலில் கீரை கொண்டுவருகிறாளே, அந்த அம்மாளுக்கு எத்தனை குழந்தைகள், மூத்த பெண்ணை எந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறாள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். காஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையனின் பெயர் தெரியும். தையற்காரர் "நாளைக்கு" என்று சொன்னால் அது எந்த நாளைக் குறிக்கும் என்பதுகூட அத்துபடி. ஆனால் தினமும் ஆறு மணி நேரம் உங்கள் குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டிருக்கும் வகுப்பு டீச்சரைப் பற்றி என்ன தெரியும்? எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்? எத்தனை குழந்தைகளைக் கட்டி மேய்க்கிறார்? உங்கள் பெண்ணைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் என்ன?

"மார்க் ஷீட்டில் அவர் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன்" என்பதுதான் நம்மில் பல பேருடைய பதிலாக இருக்கும்.

டீச்சரைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் இதே கதைதான். "அந்தப் பையனா? அவன் அம்மா போன வருஷம் ஒரு தடவை வந்தாங்க. அப்பாவைப் பார்த்ததே இல்லை" என்பார். ஒரே குழந்தையை வளர்க்கும் இரண்டு பேர், ஒருவரையொருவர் கையெழுத்தால் மட்டும் அறிந்திருக்கிறார்கள் என்றால் வேடிக்கையாக இல்லையா?

"கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்!"

அந்தக் காலத்தில் இப்படி இல்லை என்று பாட்டி சொல்வாள். வாஸ்தவந்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அதே தெருவில்தான் குடியிருந்தார். காலையில் குளத்தங்கரையில் பார்ப்பார். மாலையில் கோயிலில் பார்ப்பார். நவராத்திரி வந்தால் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கோலாட்டம் போட்டு, கிடைத்ததை வாத்தியாரிடம் சேர்ப்பார்கள். பையனைச் சேர்க்க வரும் தகப்பனார், "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போவார். அத்துடன் பெற்றோர்–ஆசிரியர் ஒப்பந்தம் முடிந்தது!

அந்தக் காலத்துக்காக ரொம்பவும் ஏங்க வேண்டியதில்லை. பையனைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற தண்டனையும் அந்தத் திண்ணையில்தான் இருந்தது. பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கிவைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமே கிடையாது. தகப்பனார் நம்பிக்கையோடு ஒப்படைத்தார் என்பது உண்மை; குழந்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் உண்மை.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. குழந்தையை அடிப்பதும், மனம் நோகத் துன்புறுத்துவதும் கூடாது என்று அதன் 17-ஆவது பிரிவு சொல்கிறது. பழைய ஒப்பந்தம் செல்லாது என்று ஆகிவிட்டது. மிகவும் நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாகப் புது ஒப்பந்தம் ஒன்றை நாம் எழுதிக்கொண்டோமா? அங்கேதான் சங்கடம்.

நாலரை நிமிஷ சம்பாஷணை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு சனிக்கிழமை காலையில், 'பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பு' என்று சீட்டு வருகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 40 குழந்தைகள். சந்திப்பு மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிஷம். ஒரு குழந்தைக்கு நாலரை நிமிஷம் கிடைக்கிறது. முதல் வரிசையில் நின்றவர் பத்து நிமிஷம் பேசிவிட்டால், பின்னால் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

அந்த நாலரை நிமிஷத்தில் நடப்பது என்ன? பெரும்பாலும் இதுதான்:

"உங்க பையன் கிளாஸிலே கவனிக்கிறதே இல்லைம்மா."

"வீட்டிலே நல்லாத்தான் படிக்கிறான், மிஸ். டியூஷன்கூட வெச்சிருக்கோம்."

"போர்டிலே எழுதிப் போட்டா, பாதிக்குப் பாதி தப்பா எழுதிட்டு வரான்."

"பக்கத்திலே உட்கார்ற பையன் பேசிக்கிட்டே இருக்கானாம், மிஸ்."

"சரி, இடத்தை மாத்திப் பார்க்கிறேன். அடுத்தவங்க வாங்க."

டீச்சர் குற்றம் சொன்னதாக அம்மா நினைக்கிறாள். அம்மா சாக்குச் சொன்னதாக டீச்சர் நினைக்கிறார். இருவரும் சிரித்துக்கொண்டே பிரிகிறார்கள். சொல்லாமல் விட்டுப்போனது ஒன்றுண்டு: அந்தப் பையன் வீட்டில் டி.வி.க்கு ஒரு முழ தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டுதான் பார்க்கிறான். போர்டில் இருப்பதைத் தப்பாக எழுதுவது டீச்சருக்குத் தெரியும், டி.வி.யை ஒட்டிக்கொண்டு உட்காருவது அம்மாவுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், மறுநாளே கண் டாக்டரிடம் போயிருக்கலாம். ஒரு மூக்குக்கண்ணாடியில் தீர வேண்டிய விஷயம், 'கவனமில்லாத பையன்' என்ற பெயரோடு ஒரு வருஷம் ஓடுகிறது.

கற்பனைக் காட்சிதான். ஆனால் உங்களுக்குத் தெரிந்த நாலு வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பதில் காதாக இருக்கும், பாட்டி இறந்துபோன துக்கமாக இருக்கும், வேனில் பெரிய பையன்கள் செய்யும் தொல்லையாக இருக்கும். பாதிக் கதை வீட்டில் இருக்கிறது. பாதிக் கதை பள்ளியில் இருக்கிறது. குழந்தை மட்டும் முழுக் கதையையும் சுமந்துகொண்டு இரண்டு இடத்துக்கும் போய் வருகிறது.

இரு பக்கத்திலும் பயம்

ஏன் பேச முடிவதில்லை? நேரமில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம்.

பள்ளியிலிருந்து போன் வந்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 'என்ன செய்துவிட்டானோ!' என்றுதான் தோன்றும். நல்ல சேதி சொல்ல எந்தப் பள்ளியும் போன் செய்ததாக நமக்கு ஞாபகமில்லை. நாமாகப் போய் ஏதாவது கேட்டால், நாளைக்குக் குழந்தைமீது கோபத்தைக் காட்டிவிடுவார்களோ என்ற கவலை வேறு.

டீச்சருக்கும் பயம் உண்டு. ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால் தாயார் தலைமையாசிரியரிடம் போய்விடுவாரோ, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தன் பெயர் அடிபடுமோ என்று நினைக்கிறார். போதாக்குறைக்கு வேலைப் பளு. ஐந்தாம் வகுப்பு வரையில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. பல வகுப்புகளில் தலைகள் அதைவிட அதிகம். மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல், வெள்ள நிவாரணம் என்றால் ஆசிரியர்களை அழைக்கலாம் என்று அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு இடம் கொடுத்திருக்கிறது. நோட்டுத் திருத்துவது மாலையில். தம் வீட்டுச் சமையல் அதற்கும் அப்புறம். டீச்சரும் ஒரு வீட்டில் அம்மாதானே!

படிக்காத தாயாரின் கூச்சம்

இன்னொரு தாயாரைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. அவள் பள்ளிக்கூடமே போனதில்லை, அல்லது மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். மகள் டைரியில் டீச்சர் எழுதி அனுப்பும் குறிப்பை அவளால் படிக்க முடியாது. படித்துச் சொல்ல வேண்டியவளே அந்த மகள்தான். குறிப்பு அவளைப் பற்றிய புகார் என்றால், எப்படிப் படிப்பாள் என்று சொல்ல வேண்டுமா?

கூட்டத்துக்கு வந்தாலும் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பாள். பேசினால் தப்பாகிவிடுமோ என்று கூச்சம். அரை நாள் கூலி போய்விடும் என்பதால் அடுத்த முறை வராமலே இருந்துவிடுவாள். உடனே பள்ளி தீர்ப்பு எழுதிவிடுகிறது: "இந்தப் பெற்றோருக்கு அக்கறையே கிடையாது." வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய், மகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கிறவளுக்கா அக்கறை கிடையாது?

இந்தத் தீர்ப்பினால் நஷ்டம் சின்னதல்ல. ஒரு பெண் எட்டாம் வகுப்பில் வாரம் இரண்டு நாள் வராமல் போனால், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாளா, கல்யாணப் பேச்சு நடக்கிறதா, வழியில் எவனாவது தொந்தரவு செய்கிறானா என்பது தாயாரோடு பேசிப் பழகிய டீச்சருக்குத்தான் தெரியவரும். பழகாத இடத்தில் பெயர் மெதுவாகப் பதிவேட்டை விட்டுப் போய்விடும்.

வேறு தேசத்துத் தாய்மார்கள்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் 1897-ஆம் வருஷம், ஆலிஸ் மக்லெல்லன் பர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் என்ற இரண்டு மாதர்கள் வாஷிங்டன் நகரில் தாய்மார் மகாநாடு ஒன்றைக் கூட்டினார்கள். அந்நாட்டுப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமைகூடக் கிடைக்காத காலம் அது. வந்தவர்களோ 2000 பேருக்கு மேல்! அந்த மகாநாடுதான் பிற்பாடு தேசியப் பெற்றோர்–ஆசிரியர் சங்கமாக வளர்ந்தது. கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைத்திருந்த நாளில், அட்லாண்டாவைச் சேர்ந்த செலீனா ஸ்லோன் பட்லர் என்ற அம்மையார், அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் 1926-இல் ஒரு தேசிய சங்கம் அமைத்தார். இரண்டு சங்கங்களும் 1970-இல்தான் ஒன்றாயின.

ஜப்பானில், வசந்த காலத்தில் பள்ளியாண்டு தொடங்கியதும் வகுப்பாசிரியர் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் ஒரு நடை போய்வருவது நெடுநாள் வழக்கம். தாய்மாரும் வேலைக்குப் போகிற இந்நாளில் பல பள்ளிகள் அதைச் சுருக்கிக்கொண்டன.

கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகரத்து ஏழைப் பெற்றோர் 1998-இல் தாங்களே முனைந்து ஆசிரியர்களை வீட்டுக்கு வரவழைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் விதிகள் ரொம்ப அழகானவை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு பேராக வர வேண்டும். குறும்புக்காரக் குழந்தையின் வீட்டுக்கு மட்டும் என்று பொறுக்கி எடுத்துப் போகக் கூடாது. ஆசிரியர் வருவதும் வராததும் அவர் இஷ்டம். வந்தால் அந்த நேரத்துக்கு ஊதியம் உண்டு. முதல் நாள் மார்க்கைப் பற்றிப் பேச்செடுக்காமல், "உங்கள் குழந்தை எப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டால் எந்தத் தாயாருக்குத்தான் வாய் திறக்காது?

மிட்டாய் செய்த அம்மாள்

அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1992-இல் வெளிவந்தது. மெக்ஸிக்கோ வம்சாவளிக் குழந்தைகளின் வீடுகளுக்கு ஆசிரியர்களே போய், 'இந்த வீட்டுக்காரர்களுக்கு என்னென்ன தெரியும்?' என்று பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு பையன் மெக்ஸிக்கோ மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்பது தெரியவந்தது. உடனே டீச்சர் மிட்டாயையே பாடமாக வைத்துக்கொண்டார். ஒரு மாணவனின் தாயார் வகுப்புக்கு வந்து, அந்த மிட்டாயைச் செய்து காட்டினார். அன்றைக்கு அந்த அம்மாளே டீச்சர், டீச்சர் மாணவி!

நம் வீடுகளில் மட்டும் இப்படிப்பட்ட சரக்குக்குப் பஞ்சமா? கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரையில் என்று சொன்னால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுவீர்கள். மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 15, மேலே 14 முதல் 8 வரையில் 77, கீழேயும் 77. ஆக 169. அது சரியாகப் பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கிய தொகை! இதைவிட நல்ல கணக்குப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பூக்காரம்மாவின் முழக் கணக்கும், தையற்கார அம்மாவின் அளவு நாடாவும் வகுப்புக்கு வரலாமே. அன்றைக்கு அவள் பெண் தலைநிமிர்ந்து உட்காருவாள். படிக்காத தாயாரின் கூச்சத்துக்கு இதுவே கைகண்ட மருந்து.

நம்மூரில் நடந்தது

நமக்கும் பழைய பெருமை உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்துதான் அது வேரூன்றியது. அப்போது கல்வித் துறையின் தலைவராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் நடத்தினார். பெஞ்சி, கரும்பலகை, கடிகாரம், குழந்தைகளுக்குச் சீருடை என்று ஊரார் கொண்டுவந்து குவித்தார்கள். பள்ளிக்கூடம் 'சர்க்கார் கட்டிடம்' என்பது போய் 'நம்ம பள்ளிக்கூடம்' ஆயிற்று.

இப்போதைய சட்டம் அதையே வேறு விதத்தில் சொல்கிறது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் அரசுப் பள்ளிக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, தலைவர் நாற்காலியில் தாய்மார்களே உட்கார்ந்தார்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அரசுப் பள்ளிக் குழுவின் வேலை. உதவி பெறும் பள்ளியில் குழு யோசனை மட்டும் சொல்லலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்த விதியே கிடையாது. அங்கே நாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டால்தான் உண்டு.

நாற்காலி கிடைத்துவிட்டால் போதுமா? நோட்டை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று சொல்வதோடு கூட்டம் முடிந்தால், குழு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். கழிவறையில் தண்ணீர் வருகிறதா, சத்துணவில் பருப்பு போதுகிறதா, ஆறாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்கிற தலைவி இருந்தால்தான் அது குழு.

கோவிட் காலத்தில், 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்னக் குழந்தைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இருபது மாதத்தில் நாம் போன் வழியாக வகுப்பைப் பார்த்தோம். டீச்சர் போன் வழியாக நம் வீட்டைப் பார்த்தார். குக்கர் விசிலும் அவர் காதில் விழுந்தது. அவர் தொண்டை கட்டியதும் நம் காதில் விழுந்தது. அந்தப் பரஸ்பர அநுதாபத்தைப் பள்ளி திறந்ததும் எங்கேயோ வைத்துவிட்டோம். மிச்சம் இருப்பது வாட்ஸ்அப் குழுதான். ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு என்ன கலர் டிரஸ்?" என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே முப்பது கும்பிடு பொம்மைகள்!

செய்து பாருங்கள்

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். சில சின்ன யோசனைகள்:

குறை ஏதும் இல்லாத நாளில் முதல் பேச்சைத் தொடங்குங்கள். ஜூன் மாதத்திலேயே போய், "நான் இன்னாருடைய அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தால், டிசம்பரில் குறை சொல்லப் போகும்போது அந்நியர்களாக நிற்க மாட்டீர்கள்.

சந்திப்புக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தையிடம் கண்டது ஒன்று. டீச்சரிடம் கேட்க வேண்டியது ஒன்று. நன்றி சொல்ல வேண்டியது ஒன்று. நாலரை நிமிஷத்துக்கு இது தாராளம்.

"எத்தனை மார்க்?" என்பதை விட்டுவிட்டு, "யாரோடு விளையாடுகிறாள்? எதில் உற்சாகமாக இருக்கிறாள்? எங்கே தயங்குகிறாள்?" என்று கேளுங்கள். மார்க்தான் சீட்டிலேயே இருக்கிறதே!

உங்கள் குழந்தையின் விஷயத்தைப் பொதுக் குழுவில் போடாதீர்கள். டீச்சரைப் பற்றிக் குழந்தையின் காதுபட இளக்காரமாகப் பேசாதீர்கள். வீட்டில் மதிப்பிழந்த டீச்சரிடம் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்?

அப்பாவையும் அனுப்புங்கள். "ஆபீஸ் இருக்கிறது" என்பார். உங்களுக்கும் ஆபீஸ் இருக்கிறது என்பதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

இதைப் படிக்கும் டீச்சர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாரத்துக்கு இரண்டே வீடுகளுக்கு நல்ல சேதி ஒன்று சொல்லி அனுப்புங்கள். "இன்னிக்கு உங்க பையன் கீழே விழுந்த பிள்ளையைக் கைதூக்கி விட்டான்" என்ற ஒரு வரி போதும். படிக்காத தாயாருக்குக் குறிப்பு எழுதாமல், வாயால் சொல்லுங்கள். கூட்டத்தை மாதத்தில் ஒரு நாளாவது கூலிவேலை முடிந்த மாலை நேரத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இது உங்களிடம் உரிமையோடு கேட்பது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறாளே, அவளுக்கும் பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருக்கும். "நாளைக்குப் பையன் பள்ளிக்கூடத்திலே மீட்டிங்கும்மா, கொஞ்சம் லேட்டா வரட்டுமா?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டால், முகத்தைச் சுளிக்காமல் அனுப்பிவையுங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள். அவளாகக் கேட்காவிட்டால், "மீட்டிங் எப்போ?" என்று நீங்களே கேளுங்கள். டைரிக் குறிப்பை அவள் கொண்டுவந்து நீட்டினால் படித்துச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், "டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று விசாரியுங்கள்.

ஒரு வேளைப் பாத்திரம் தேங்கி நிற்கும், அவ்வளவுதானே? அன்றைக்கு அந்தப் பையனின் டீச்சர், அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார்.